அரை உருண்டை

துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் எடை மெஷினில், ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் நான் ஏறுவேன். பத்தொன்பது வருஷமாக ஜவ்வாது மலையில் கிராமத்து நர்சாக இருக்கிறேன். எத்தனையோ பச்சைப் பிள்ளைகளைத் தூளித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்திருக்கிறேன். மாசமாக இருக்கும் பெண்களை மாதாமாதம் மெஷினில் ஏற்றி, முள் நகரவில்லை என்றால் வீட்டாரை வரிசையாக நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். என் வாய் கொஞ்சம் நீளம், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் எடையை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது. ஊருக்குத்தான் உபதேசம்.

அன்றைக்கு முள் எழுபத்தெட்டில் நின்றது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். எழுபத்தெட்டுதான்.

முந்தின வாரம்தான் வேலூரில் ஒரு முட்டி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெயிட்டக் கொறைங்க, இல்லன்னா மலைய வுடுங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சாத்தான் இந்த முட்டி தாங்கும்" என்று சொல்லிவிட்டார். ஐந்து மாதம் கழித்து வரச் சொன்னார். கீழே ஒடுகத்தூர் பக்கம் மாற்றல் கேட்டால் எனக்குக் கிடைக்கும். பிறந்த வீடும் அங்கேதான். வீட்டில் எல்லாருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

என் பொறுப்பில் இருக்கும் ஊர்களில் ஒன்றுக்கு இன்னும் வண்டி போகாது. பஸ் திரும்பும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டும். அங்கே தலைப்பிள்ளை சுமக்கிற ஒரு பெண் இருந்தாள். ஐந்தாம் மாதம், எடை நாற்பத்து நாலு. நான் ஏறிப் போகவில்லை என்றால் அவளை எடை பார்க்க வேறு யாரும் ஏறப் போவதில்லை. இது பெருமைக்குச் சொல்வதில்லை. முன்பு நான் பயிற்சிக்குப் போயிருந்த ஆறு மாதமும் அந்த ஊர்ப் பதிவேட்டில் கோடுதான் இருந்தது.

ஆக, எடையைக் குறைப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படிக் குறைப்பது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி.

ஒன்று என் தங்கச்சி. ஒடுகத்தூரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். பணம் கட்டி ஒரு எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்து ஐந்து கிலோ இறக்கியிருந்தாள். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. காலை ஆறரைக்கு ஒரு கோச்சம்மா போன் பண்ணி, நேற்று என்ன தின்றாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்பாள். கூடவே ஒரு டப்பா மாவு, உள்ளே ஒரு கரண்டி. "அக்கா, காசு குடுத்தாத்தான் நமக்குப் புத்தி வரும். சும்மா வர்றத நாம மதிக்க மாட்டோம்" என்பாள் தங்கச்சி. அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு எடை ஏறட்டும் என்று சர்க்கார் கொடுக்கும் சத்து மாவு டப்பாவைத்தான் நான் வீடு வீடாகச் சுமந்துகொண்டு போகிறேன். ஏற்ற ஒரு டப்பா, இறக்க ஒரு டப்பா, மூடி மட்டும் வேறு நிறம்.

இன்னொரு கட்சி, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள். லீவுக்கு வந்தவள் என் போனைப் பிடுங்கி, தின்பதை எல்லாம் எழுதினால் கலோரி கணக்குச் சொல்லும் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். "ஒரு பைசா வேணாம்மா. பொய் சொல்லாம எழுதினா போதும்" என்றாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் கடைசி வார்த்தை.

இலவசத்தையே எடுத்துக்கொண்டேன். கஞ்சத்தனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், காலங்காத்தால ஒருத்தி போன் போட்டு என்னைக் கேள்வி கேட்பதை என்னால் தாங்க முடியாது. பத்தொன்பது வருஷமாகக் கேள்வி கேட்கிற இடத்திலேயே இருந்துவிட்டவள் நான். மறுபடி வேலூர் போகும் வரை பார்ப்போம், இரண்டு கிலோ இறங்கவில்லை என்றால் உன் கோச்சம்மாவிடமே சரண் அடைகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லிவைத்தேன்.

முதல் மூன்று நாள் அந்த ஆப் என்னை மெச்சிக்கொண்டே இருந்தது. நட்சத்திரம் கொடுத்தது, கை தட்டியது. மத்தியானம் இரண்டு உருண்டை கேழ்வரகுக் களி தின்ற பிறகும் கை தட்டியது. எனக்கே சந்தேகம் வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நான் களி என்று ஆங்கில எழுத்தில் அடித்ததை, அது 'கேல்' என்கிற ஏதோ வெளிநாட்டுக் கீரை என்று எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதன் கணக்கில் நான் கீரையை மட்டும் மேய்ந்துகொண்டிருந்தேன். மகளுக்குப் போன் பண்ணினேன். அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு கேழ்வரகு மாவை நிறுத்து, களி கிண்டி, உருண்டைக்கு இவ்வளவு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். சாமைச் சோற்றுக்கும் அப்படியே. அதன் பிறகு கை தட்டல் நின்றது.

மலை ஊர்களில் போனில் சிக்னல் கிடையாது. அதனால் தின்பதைக் கள நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, கீழே வந்து போனில் ஏற்றுவேன். முன்பக்கத்தில் மற்றவர்கள் எடை, பின்பக்கத்தில் என் வாய்.

கஷ்டம் எழுதுவதில் இல்லை, வேண்டாம் என்பதில்தான். அந்த மேல் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும், "ஒரு வாய் துன்னுட்டுப் போங்க நர்சம்மா" என்பார்கள். அத்தனை வருஷமும் தின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். கொள்ளுக் குழம்பும் களியும் என்றால் எனக்கு உயிர். இப்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அவர்கள் முகம் சுருங்குவது தெரியும். ஆனால் பதினைந்தே நாளில் ஒரு கிலோ இறங்கியிருந்தது. அந்த ஒரு கிலோ எனக்கு அவ்வளவு கர்வத்தைக் கொடுத்தது.

அந்தக் கர்வத்தோடுதான் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் பேசினேன். ஆறாம் மாதம். நான் சுமந்துகொண்டு போகும் சின்ன மெஷினில் முள் நாற்பத்து நாலிலேயே நின்றது. சாப்பிடுகிறாயா என்றேன், சாப்பிடுகிறேன் என்றாள். கையில் சத்து மாவு டப்பாவைக் கொடுத்தேன். காலையில் வீட்டில் தின்றதை நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அரை உருண்டை என்று எழுதுவதை எட்டிப் பார்த்தவள், "நீங்க துன்றதயும் எழுதுறீங்களா? ஏன், நல்லாத்தான கீறீங்க?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "கம்மியா துன்னாத்தாம்மா ஒடம்பு சொல்றத கேக்கும். எழுதி வெச்சிக் கொறைக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று நான் திரும்பி யோசிக்கவே இல்லை.

ஏழாம் மாதம் ஏறிப் போனேன். முள் நாற்பத்து மூன்றரையில் நின்றது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஏழாம் மாதத்தில் எடை இறங்குவதா? நேரே மாமியாரைத்தான் பிடித்தேன். புளி உடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை, மருமகளுக்குச் சோறு போடக் கூடவா உங்களுக்கு மனசு இல்லை என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்த அம்மா கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"நானா போடல? கையெடுத்துக் கும்புட்டுக் கும்புட்டுப் போடறேன், துன்ன மாட்டேங்குது. கேட்டா நர்சம்மாதான் சொன்னாங்கன்னுது. இன்னா சொன்னீங்க நீங்க?"

எனக்குப் புரியவில்லை. மருமகளைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்ப் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தேதி போட்டு எழுதியிருந்தாள். காலை, கூழ் அரை சொம்பு. மத்தியானம், அரை உருண்டை. மறுநாள் அரை உருண்டை. அதற்கு மறுநாளும் அரை உருண்டை. நான் எழுதுகிற மாதிரியே ஓரத்தில் கோடு வேறு போட்டிருந்தாள். சத்து மாவு டப்பா கண்ணாடிக்குப் பக்கத்தில் உடைக்காமல் இருந்தது.

"புள்ள பெருசா இருந்தா கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி வயித்த அறுத்துடுவாங்களாம். எங்க அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சி. சின்னதா இருந்தா சொகமா பொறக்கும்னாங்க. எப்பிடிக் கொறைக்கிறதுன்னு தெரியாம இருந்தேன். நீங்க சொன்னீங்க, எழுதி வெச்சிக் கொறைக்கணும்னு" என்றாள். சரியாகச் செய்திருக்கிறேனா என்று கேட்கிற முகம் அது.

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அந்த வாய்தான் இதைச் செய்திருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயம். அந்த நோட்டில் இருந்த ஒவ்வொரு அரை உருண்டைக்கும் மீதி அரை உருண்டை ஒரு பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்தது. ஒரு பைசா செலவில்லை என்று மகள் சொன்னாள். செலவு எனக்குத்தான் இல்லை.

முதலில் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க, இன்னா இப்ப" என்றார் அந்த அம்மா. பிறகு அந்தப் பெண்ணை உட்கார வைத்து, பிள்ளை சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபம் என்பது பொய், எடை குறைந்த பிள்ளையைத்தான் கீழே கண்ணாடிப் பெட்டியில் போட்டு வைப்பார்கள் என்று சொன்னேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். நர்ஸ் இறங்கிப் போகும் வரைக்கும்தான் அது நிற்கும். நான் வாயால் சொன்ன எத்தனையோ நல்ல பேச்சை விட்டுவிட்டு, நான் செய்ததைத்தானே அவள் பிடித்துக்கொண்டாள்?

அதனால், "பசிக்குது, களி போடுங்க" என்றேன்.

மாமியார் இரண்டு தட்டு வைத்தார். எனக்கு ஒன்றரை உருண்டை போட்டார். நான் முக்கால் உருண்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். "நான் கிழவி ஆவப் போறவ, முட்டி போயிடுச்சி, நான் எறக்கணும். நீ ரெண்டு உசுரு, நீ ஏத்தணும். ரெண்டு பேரு கணக்கும் ஒரே நோட்டுல எழுது. ஏமாத்துனா உன்ன நான் கேப்பேன், என்ன நீ கேளு" என்றேன். அவள் தின்றாள். ஒரு மாதமாக அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்திருக்கிறாள், என்னை நம்பி.

அன்று முதல் மாதத்துக்கு ஒரு தடவை என்பதை வாரத்துக்கு ஒரு தடவை ஆக்கிக்கொண்டேன். முட்டி கத்தத்தான் செய்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்க விடமாட்டாள். "இந்த வாரம் இன்னா துன்னீங்க, சொல்லுங்க" என்று நோட்டோடு வந்து நிற்பாள். திங்கட்கிழமை மூன்று போண்டா என்றதும், "மூணா?" என்று மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை டீக்கடையைத் தாண்டும்போது அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கும். போண்டா ஒன்றாகக் குறைந்தது. கோச்சம்மா காலை ஆறரைக்குக் கேட்பதும் இதைத்தானே? கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதில் தங்கச்சி சொன்னது சரி. அதற்குத்தான் அவள் காசு கட்டியிருக்கிறாள், மாவுக்கு இல்லை. அவளுக்கு அந்த ஆள் போனில் கிடைத்தாள். எனக்கு ஒரு மணி நேர ஏற்றத்துக்கு மேலே கிடைத்தாள். ஆப்பை நான் எடுத்துவிடவில்லை, ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

எட்டாம் மாதம் நாற்பத்தைந்தரை. ஒன்பதாம் மாதம் நாற்பத்தேழு. ஒவ்வொரு தடவையும் அவள் இறங்கியதும் என்னை ஏறச் சொன்னாள். மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்க ஏறினேன். நான் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை.

நாள் நெருங்கியபோது முன்கூட்டியே கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்து தங்க வைத்தோம். ஒரு விடியற்காலையில் அறுக்காமல் கொள்ளாமல் சுகப்பிரசவம், பெண் பிள்ளை. தராசில் நான்தான் கிடத்தினேன். தராசை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு கிலோ எழுநூறு.

மறுநாள் நான் வேலூர் போக வேண்டியிருந்தது. அன்றைக்குக் காலையில் மெஷினில் ஏறினேன். எழுபத்தைந்தேகால். ஐந்து மாதத்துக்கு மூன்று கிலோகூட இல்லை. தங்கச்சி கேட்டால் சிரிப்பாள், டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது என்ற கவலையோடு, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வார்டுக்குப் போனேன்.

"எவ்ளோ நர்சம்மா?" என்றாள், படுத்தபடியே.

சொன்னேன். "ரெண்டே முக்கால்தான் எறங்கியிருக்கு. போதாது."

அவள் பக்கத்தில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு துணியோடு பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"இன்னா போதாது? நீங்க எறக்கி வெச்சத இதுதான் எடுத்துக்கிச்சி. தூக்கிப் பாருங்க, எம்மாம் கனம் கீது."

கனமாகத்தான் இருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, டாக்டர் என்ன சொன்னாலும் சரி, இந்த மலையை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.