ஸ்டான்லி கழுவிய கார்புரேட்டர்

நான் பேய், பிசாசு என்று பேசுகிறவன் இல்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறவனும் இல்லை. ஆனால் போன வைகாசியில், கன்னிவாடியில் என் சொந்தக் கொட்டகையில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். காதால் கேட்டேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் அம்மன் சப்பரத்தை இழுப்பது எங்கள் டிராக்டர்தான். அப்பா வாங்கியது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய வண்டி. இந்த முறை கிளம்பவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பி வழிந்தது. அதைக் கழற்றித் திண்டுக்கல்லில் ஸ்டான்லியின் பட்டறையில் கொடுத்தேன். கழற்றிய இடத்தில் எலி புகாமல் துணி அடைத்து, கயிறு சுற்றி, நானே முடிச்சுப் போட்டேன்.

வாங்கப் போன அன்று மேசைமேல் பளபளவென்று ஒன்று இருந்தது. எங்களுடையது கரி பிடித்துக் கறுத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏலே, எங்கப்பா சாமானை எவனுக்கு வித்த?"

"அதேதான்யா. கழுவியிருக்கேன். உள்ள மிதவையைப் பாருங்க, ஓட்டைய அடைக்க உங்கப்பா வச்ச ஈயப்பத்து அப்படியே இருக்கு."

"திருட்டுப் பயலே, எனக்கே சொல்லித் தாறியா?"

பட்டறையில் ஏழெட்டுப் பேர். டீ கொண்டுவந்த அவன் மனைவி ஆனந்தி அப்படியே நின்றாள். நான் திறந்து பார்க்கவில்லை. அதை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று மாலை. விளக்கு வைக்கும் நேரம். கொட்டகைப் பக்கம் பெட்ரோல் வாடை...

பிறகு சத்தம். டுக்... டுக்... டுக்...

எங்கள் டிராக்டர். திணறலே இல்லை. அப்பா காலத்துச் சத்தம்.

கொட்டகை வாசலில் போய் நின்றேன். என்ஜின்மேல் குனிந்தபடி ஸ்டான்லி. முகம் தெரியவில்லை. கொண்டுவந்து மாட்டிவிட்டான் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"ஓடுதாய்யா?" நிமிராமலே கேட்டான்.

"ஓடுது."

"அப்ப பட்டறையில நின்னவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா."

தொண்டை வரை வந்தது. எங்கள் வீட்டு ஆண், ஒரு மெக்கானிக்கிடம் இறங்கிப் போவதா?

"காலையில பாப்பம். போ."

சத்தம் நின்றது.

அவன் இல்லை.

வாசலில் நான்தான் நின்றேன். என்னைத் தாண்டி யாரும் போகவில்லை...

டார்ச் அடித்தேன்.

துணி அடைத்தபடியே இருந்தது. என் முடிச்சு. அதன்மேல் தூசி.

கார்புரேட்டர் இல்லை.

மறுநாள் காலையில் திண்டுக்கல் போனேன். பட்டறையை ஒட்டிய அவன் வீட்டின் முன்னால் பந்தல். நான் பஸ் ஏறிய சிறிது நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தானாம். பொழுது சாய்வதற்கு வெகு முன்பே.

ஆனந்தி உள்ளே போய் கார்புரேட்டரை எடுத்து வந்தாள். வெறுங்கையால் நீட்டினாள்.

"கடைசிவரைக்கும் கையில பிடிச்சிருந்தாரு. நாங்கதான் பிரிச்சு எடுத்தோம். உங்களதா இல்லையான்னு இவங்க முன்னாடி சொல்லிட்டுப் போங்க."

திறந்தேன். மிதவையில் அப்பாவின் கோணல் ஈயப்பத்து.

"எங்களதுதான். அவன் திருடன் இல்ல."

எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டியவனைத் தவிர.

ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க அவள் வீட்டில் கிடந்த அந்த இரும்பு, அப்போதுதான் ஓடி நின்றதுபோல...

என் கையைச் சுட்டது.