சீலிங் கேட்ட பிள்ளைக்காம்பரா

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விட்டுச் செல்வார்கள். அதன் வாசலில் லொறி வந்து நின்று நான்கு பெட்டிகளை இறக்கியது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணி ஒன்றைப் பிரித்துவிட்டுத் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

“என்னாங்க சேர் இது, ஃபேனா? நாங்க சீலிங்தானே கேட்டோம்!”

அப்போது நான் கண்டியில் மின்சாரப் பிரிவு டெக்னிக்கல் ஒஃபிசர். பொதுக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு என்ன தேவை என்று பார்த்து எழுதியவன் நான்தான். ஒரே நீள அறை, மேலே வெறும் தகரம். சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் காற்று சீறிக்கொண்டு வரும். நாள் முழுக்க ஹீட்டர் போட்டும் குழந்தைகளுக்கு இருமல் நின்றபாடில்லை. இருமுகிற பிள்ளையை விட்டுப்போக மனமில்லாமல் தாய் வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைக்குப் பேர் பதிவாகாது, சம்பளமும் இல்லை. தகரத்துக்குக் கீழே பலகை அடித்து மூடினால் குளிரும் குறையும், ஹீட்டர் செலவும் குறையும் என்றுதான் ‘சீலிங்’ என்று எழுதினேன். மின்சாரப் பிரிவு கேட்டால் அது ஃபேனாகத்தான் இருக்கும் என்று மேலிடத்து மேதாவி யாரோ முடிவுகட்டி, பக்கத்தில் அந்தச் சொல்லையும் சேர்த்துவிட்டார்.

எங்கள் இஞ்சினியரிடம் ஓடினேன்.

“சேர், அந்தக் குளிருக்கு ஃபேன் எதுக்கு? திருப்பி அனுப்பிட்டு சீலிங் அடிப்போம்.”

“திருப்பினா காசும் திரும்பிப் போயிரும். வருசம் முடியுது. பேசாமப் பூட்டிட்டு வாங்க.”

நான்கு ஃபேனையும் கூரையில் பூட்டினோம். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் சுவிட்சைத் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தைகள் வீரிட்டு அழுதன. செல்வராணி யாரையும் கேட்காமல் போய் அணைத்தார்.

மறுவருடம் மறுபடியும் சீலிங் கேட்டு எழுதினோம். ஏற்கெனவே பயன்பெற்ற கட்டடம், இனி உதவி இல்லை என்றார்கள். அதையும் நானே போய்ச் சொல்லவேண்டியிருந்தது. இருமுகிற கைக்குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டியபடி செல்வராணி சொன்னார்.

“அப்ப அந்த நாலையும் கழட்டிக்கிட்டுப் போயிருங்க சேர். ஒண்ணுமே குடுக்கலன்னா, இன்னொரு தடவ கேக்கவாவது கேப்போம்.”

கழற்ற எனக்கு அதிகாரம் இல்லை. பூட்ட மட்டும்தான் இருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இல்லை என்று சொன்னவர்கள் முன்னால் மறுபடி போய் நிற்கலாம். கொடுத்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள் முன்னால் நிற்கவே முடியாது.