பத்தொன்பது லிட்டர் நுரை

அக்காவின் கணவரான அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். "இது பியரோ, ஆறின தேத்தண்ணியோ?" என்று கேட்டார். ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டுக்கு அன்று வந்திருந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அது நானே காய்ச்சிய பியர். இரண்டு வருடங்களாகப் போத்தல்களில் அடைத்து வந்தேன். அந்த முறைதான் முதன்முதலாகப் பத்தொன்பது லிட்டர் எஃகுப் பீப்பாயில் ஊற்றி, குமிழி ஏற்றும் கரியமில காஸ் சிலிண்டரைப் பொருத்தி, ஒரு வாரம் குளிரில் வைத்திருந்தேன். வந்ததோ ஒரு குமிழிகூட இல்லாமல் சப்பென்று இருந்தது.

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். "விடு பிள்ளை. பொம்பிளையளுக்கு உது தேவையே? கடையில ரெண்டு பெட்டி வாங்கினா முடிஞ்சுது."

"அண்ணா காய்ச்சியிருந்தா இப்பிடிச் சொல்லுவீங்களோ?"

நான் நேரே அத்தானிடம் போனேன். "வாற மாசம் திரும்ப வாங்கோ. இதே பீப்பாயில இருந்து ஊத்தித் தாறன்."

மறுநாள் பார்த்தால் சிலிண்டரின் அழுத்தமானி பூச்சியத்தில் நின்றது. நிரப்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாயு பியருக்குள் போகாமல் வெளியே போயிருக்கிறது. வேறு சிலிண்டர் பூட்டி, சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். குழாய்களில் ஒன்றுமில்லை. மூடியின் ஓரத்தில்தான் குட்டிக் குமிழிகள் கிளம்பின. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசிந்துபோயிருந்தது. இந்த ரப்பர் துண்டாலா அத்தனை பேரும் சிரித்தார்கள் என்று ஆத்திரம் வந்தது.

வளையத்தை மாற்றினேன். ஆத்திரத்தோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. அழுத்தத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டி, பீப்பாயைத் தரையில் கிடத்தி உருட்டி உருட்டிக் குலுக்கினேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது கோப்பை முழுக்க நுரை. அடியில் ஒரு விரல் அளவுக்குத்தான் பியர்.

என் கணவர் துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தார். "பேசாமல் போத்தலுக்கே திரும்பிப் போவமே?"

"ஏலாது" என்றேன்.

காஸைக் கழற்றிவிட்டு, இரண்டு நாளாக நினைத்த நேரமெல்லாம் மூடியிலிருந்த வால்வை இழுத்து மிஞ்சிய வாயுவை வெளியேற்றினேன். பிறகு அழுத்தத்தை ஒரு 'பார்' அளவுக்குச் சற்றுக் குறைவாக வைத்து, பீப்பாயைத் தொடாமல் விட்டேன். தொடாமல் இருப்பதுதான் எனக்குப் பெரும் பாடாக இருந்தது. பியரை ஊற்றும் குழாய் ஒரு மீட்டர்தான் நீளம். பியர் சீறிப் பாய்ந்து நுரைத்ததற்கு அதுவும் காரணம். பியர் வேகம் குறைந்து வரும்படி மூன்று மீட்டர்க் குழாய் வாங்கிச் சுருட்டிப் பொருத்தினேன்.

நான் சொன்னபடியே அடுத்த மாதம் அத்தான் வந்தார். இரண்டு விரல் வெள்ளை நுரையோடு கோப்பையை நீட்டினேன். குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"கடைப் பியர் மாதிரியே இருக்கு."

"இல்லை அத்தான். இது ஒரு கடையிலயும் கிடைக்காது."

அவர் இன்னொரு கோப்பை கேட்டார். அம்மாவுக்கு மட்டும் அப்போதும் பிடிக்கவில்லை. என் காதருகே வந்து, "கோயில்ல ஆரிட்டையும் சொல்லிப்போடாத" என்றார்.

"கேட்டாச் சொல்லுவன்" என்றேன்.