கடைசி நான்கு பக்கங்கள்

இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியது இல்லை. நடந்தது எனக்கு அல்ல, ஹெத்விக்குக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவள், ஒரு காற்புள்ளியைக்கூட இடம் மாற்றிச் சொல்லமாட்டாள். நேரங்களையெல்லாம் அவள் சொன்னபடியே எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அவர்களே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

குளிர்நாட்டு நகரமான கோதன்பர்க்கில் ஒரு பேக்கரிக்குக் கீழே, பாதி தரைக்குள் இறங்கிய இரண்டு அறைகள்தான் அந்தப் பதிப்பகம். ஆள் இரண்டே பேர், ஹெத்விக்கும் ரூரிக்கும். மண்டையைக் குடையும் தத்துவ நூல்கள், சோதனை எழுத்து என்று மற்றவர்கள் தொடப் பயப்படுவதைத்தான் தேடித் தேடிப் போடுவார்கள். ஒரு நாவலில் முற்றுப்புள்ளியே கிடையாது. இன்னொன்றில் நடுவே முப்பது பக்கம் வெள்ளைத்தாள். அச்சகத்துக்காரர்கள் ஒவ்வொரு முறையும் போன் போட்டு, "இது தப்பா, இல்ல வேணும்னே செஞ்சதா?" என்று கேட்பார்கள். வேண்டுமென்றேதான் என்று சொல்லிச் சொல்லி ஹெத்விக்குக்கு அலுத்துவிட்டது.

அவர்களிடம் எழுதியவர்களிலேயே கெட்டிக்காரி தோர்தீஸ். ஹெத்விக்குக்குப் பன்னிரண்டு வருடத் தோழி. தனியாக வாழ்ந்தவள். செப்டம்பர் 11 அன்று மதியம் சரியாக 3:42க்கு, தன் புதிய புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்களை ஹெத்விக்குக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். அப்போது ஹெத்விக் ஒரு காபிக் கடையில் இருந்தாள். போனிலேயே படித்துவிட்டு, எட்டே நிமிடத்தில் பதில் போட்டாள். "அற்புதம்! ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டேன்."

மறுநாள் காலை தோர்தீஸ் தன் வீட்டில் இறந்துகிடந்தாள்.

திடீர் மரணம் என்றார்கள். ஹெத்விக் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. சவ அடக்கத்தில் எல்லாரும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் போனாள். அதை ஹெத்விக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நான்கு பக்கங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அவற்றில் சொற்கள் உடைந்து கிடந்தன. சில எழுத்துகள் வரவே இல்லை. போகப் போக ஒரே சொல்தான் மிஞ்சியது. ஸ்வாரா. ஸ்வாரா. அவர்கள் மொழியில் 'பதில் சொல்' என்று பொருள். இது வாசகருக்கு விடுக்கும் சவால் என்று ஹெத்விக் முன்னுரையில் எழுதினாள். பின்னட்டையில், 'மொழியின் பாதியைத் துறந்த துணிச்சல்' என்று போட்டாள். தன் தோழிக்குச் செய்யும் கடைசி மரியாதை என்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தாள்.

டிசம்பர் 11. நாலரைக்குள் புத்தகம் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

மணி 3:05. குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர ரூரிக் கோட்டை மாட்டினான்.

"இப்பவும் சொல்றேன், அந்த நாலு பக்கத்தை விட்டுடலாம்."

"முடியாது. அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அதுல எது பிழை, எது தத்துவம்னு உனக்கே தெரியாது ஹெத்விக். அவளே எந்திரிச்சு வந்து சொன்னாத்தான் உண்டு."

"போடா, அங்க பிள்ளை அழப்போகுது."

அவன் சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த கடைசிக் குங்குமப்பூ பன்னையும் வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

3:25க்கெல்லாம் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. டிசம்பரில் அங்கே அப்படித்தான். மேலே பேக்கரியையும் மூடிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. ஹெத்விக் கடைசி நான்கு பக்கங்களை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

மணி 3:42.

டக்.

மேலே ஏதாவது விழுந்திருக்கும் என்று நினைத்தாள்.

டக்... டக்.

மேலே இல்லை. உள் அறையில்.

அது கீபோர்டு சத்தம். வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம், அவளுக்குத் தெரியாதா? ஆனால் யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். ஒரு எழுத்து. நீண்ட இடைவெளி. இன்னொரு எழுத்து. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவதுபோல...

"ரூரிக்?"

சத்தம் நின்றது.

பிறகு மறுபடி. டக்.

அவள் எழுந்தாள். கதவைத் தள்ளினாள். விளக்கைப் போட்டாள். மணி 3:46.

யாரும் இல்லை. மூலையில் பழைய கம்ப்யூட்டர் மட்டும். பக்கம் வடிவமைக்க முன்பு வைத்திருந்தது. திரை இருட்டாகக் கிடந்தது. கீபோர்டில் வாரக்கணக்கான தூசி.

வலது பாதியில் மட்டும்.

இடது பாதி துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. நடுவில் கோடு போட்டுப் பிரித்தமாதிரி.

அவள் குனிந்து பார்த்தாள்.

ஒரு எழுத்து உள்ளே இறங்கியது.

தானாக.

டக்.

எஸ்.

டக்... வி.

ஏ...

ஆர்...

ஏ.

ஸ்வாரா.

கொஞ்சம் பொறுத்தது.

மறுபடி ஆரம்பித்தது. இந்தமுறை பலமாக. அடுத்தமுறை இன்னும் பலமாக. மேசையே அதிர்ந்தது.

அப்போதுதான் அவள் வலது பாதியைப் பார்த்தாள். அந்த நான்கு பக்கங்களில் வராத எழுத்துகள்...

அத்தனையும் அங்கே தூசிக்கு அடியில் இருந்தன.

ஒன்று விடாமல்.

ஓடினாள்.

கோட்டை எடுக்கவில்லை. கதவைப் பூட்டவில்லை. டிராம் நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது மணி 3:51. மழையில் நின்றபடியே ரூரிக்குக்குப் போன் போட்டாள்.

"உள்ரூம் கம்ப்யூட்டரை ஆன் பண்ணி வச்சிருந்தியா?"

"அந்தக் கிழத்தையா? அதோட வயரெல்லாம் அக்டோபர்லயே உருவிட்டேனே. ஏன்? ஃபைலை அனுப்பிட்டியா?"

"இல்ல."

வைத்துவிட்டாள். ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மூன்று மாதமாகக் கேட்காத கேள்வி. தோர்தீஸின் அக்கா டாக்னியை அழைத்தாள். படகுத்துறை உணவகத்தில் சமையல் வேலை பார்க்கும் மனுஷி, புத்தகத்துக்கும் அவளுக்கும் ரொம்ப தூரம்.

"டாக்னி, தோர்தீஸ் எப்படிச் செத்தா?"

டாக்னி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சும்மா. அன்னிக்கு மத்தியானம், மூணு மணி சுமாருக்குன்னு சொன்னாங்க. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் போயிருச்சாம். நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல."

"மூணு மணிக்கா? உடனே... உயிர் போயிருச்சா?"

"இல்லம்மா. ராத்திரி ஒன்பது வரைக்கும் இருந்திருப்பான்னு டாக்டர் சொன்னார். சாயங்காலத்துக்குள்ள யாராவது போய்ப் பாத்திருந்தா பொழைச்சிருப்பாளாம்."

டிராம் வந்து நின்றது. கதவு திறந்தது. மூடிக்கொண்டது. போய்விட்டது.

"ஹெத்விக்? இருக்கியா? நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். போன வாரந்தான் அவ லேப்டாப்பைத் திறந்தோம். உன் பதில்தான் திரையில இருந்துச்சு. அற்புதம்னு எழுதியிருந்தியே, அது. படிச்சிருக்கா பாவம். அதுக்கப்புறமும் எழுதிக்கிட்டே இருந்திருக்கா, இன்னும் ஒன்பது பக்கம். கடைசியா 8:40க்கு. எல்லாம் அதே ஒத்தை வார்த்தைதான். உங்க எழுத்தெல்லாம் எனக்கு எங்க புரியுது... நீதான் அவ்வளவு பாராட்டியிருந்தியே, அதையும் அனுப்பட்டுமா?"