ஊதிவிட்ட உமி

எண்பதுகளின் நடுவில், நொஷாட்டல் ஏரியோரத்தில் புதுத் தெரு போடுவதற்கு முன் தொல்லியலாளர்கள் அந்த நிலத்தை அகழ்ந்தார்கள். அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் காத்திருந்த எனக்கு அங்கே சேறு கழுவும் வேலை கிடைத்தது.

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் மரக்கால் நட்டு வீடு கட்டியவர்களின் ஊர் எரிந்திருந்தது. எரிந்ததால்தான் அவர்களுடைய தானியம் கரியாகி, அழுகாமல் கிடந்தது. சேற்றை அரிதட்டில் கழுவி, மிஞ்சியதைக் காயவைத்து, கல், வேர், நத்தை ஓடு எல்லாம் பொறுக்கி எடுக்கவேண்டும்.

என் அறையில் இருந்த அண்ணை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். "ஏ.எல். படிச்ச பெடியன் ஐயாயிரம் வருசத்துக் கஞ்சியைத் தேடுறான்," என்று சிரிப்பார். "எங்கட குசினிக்கு வாவனடா, நேற்றையான் சூப்பே கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா ஊராருக்கு நெல் குத்திக்கொடுத்துத்தான் என்னைப் படிப்பித்தார்.

தானியங்களை ஆராய்ந்தவர் ஒரு பெண். எனக்காகப் பிரெஞ்சை மெதுவாகப் பேசுவார். ஒரு குழியின் அடியில் கரித்தானியம் குவியலாக வந்தபோது, அது எம்மராக இருக்கலாம் என்றார். கோதுமையின் ஆதி வகைகளில் ஒன்று எம்மர். யூப்ரட்டீஸ் ஆற்றுப் பக்கத்தில் மனிதர் பயிராக்கி, கைமாறிக் கைமாறி ஆல்ப்ஸ் வரை வந்த தானியம். கூழும் தட்டை ரொட்டியும் அதில்தான் செய்தார்களாம். இப்போது இந்த நாட்டில் இரண்டொரு கமக்காரர்தான் விதைக்கிறார்களாம்.

இந்த வேலைக்கு நான் தேவை என்று, என்னை இருக்கவிடுவதா அனுப்புவதா என்று பார்க்கும் கன்டோன் அலுவலகத்துக்கு, அதாவது மாநில அலுவலகத்துக்கு, கடிதம் எழுதித் தருவதாகவும் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை நம்பித்தான் என் பனிக்காலம் போய்க்கொண்டிருந்தது.

அவர் இரண்டு நாள் பேர்ன் போனார். திரும்புவதற்குள் அந்தக் குவியலை முடித்துக் காட்ட நினைத்தேன். கல் பொறுக்கினேன். பிறகு தகரத்தட்டில் போட்டு, அம்மா சுளகில் செய்வதுபோலப் புடைத்தேன். கருகிய உமியெல்லாம் விளிம்புக்கு வந்தது. யன்னலைத் திறந்து ஊதிவிட்டேன். ஏரிக்காற்று கொண்டுபோனது. தட்டில் மணி மட்டும் கிடந்தது. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

வந்தவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். மணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மிச்சம் எங்கே?"

"குப்பையை எறிந்துவிட்டேன், மடாம்."

அவர் கத்தவில்லை. மேசை லாச்சியை இழுத்து ஒரு காய்ந்த எம்மர்க் கதிரை எடுத்து என்னிடம் தந்து, கசக்கச் சொன்னார். மணி வெளியே வரவில்லை. இரண்டிரண்டாக உமிக்குள் இறுகிக் கிடந்தது. நகத்தால் உடைத்தபோது அடியில் கவட்டைபோல ஒரு துண்டு மிஞ்சியது.

"எரிந்த மணிகள் வீங்கி எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். இந்தக் கவட்டையை வைத்துத்தான் எம்மர் என்று உறுதியாகச் சொல்லமுடியும்."

இருவரும் யன்னலுக்கு வெளியே முழந்தாளில் நின்று பனிக்குள் தேடினோம். விரல்கள் விறைத்துப்போயின. ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் குழியை ஏற்கனவே மூடியிருந்தார்கள். உள்ளே வந்து, மணிகளைப் பையில் போட்டு, அதன் பெயர்த்துண்டில் அவர் எழுதினார்: கோதுமை, வகை தெரியாது.

திங்கட்கிழமை எனக்கு வெளியே மண்வெட்டி தரப்பட்டது. வெள்ளிக்கிழமை கடிதமும் வந்தது. சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அண்ணை.

"சேறு அள்ளுற வேலையாம். நேரத்துக்கு வாறவராம்."

"ஆள் கட்டாயம் வேணும் எண்டு போடேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"போய்க் கேளன்ரா. காலில விழுந்தெண்டாலும் கேள்."

நான் கேட்கவில்லை. அதில் பொய்யாக ஒரு சொல்லும் இருக்கவில்லை. அடுத்த கிழமை அலுவலகத்தில் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டுமுறை வாசித்தார்.

"சேறு அள்ள இங்கே ஆட்கள் இருக்கிறார்களே?"

"இருக்கிறார்கள்," என்றேன்.