இன்பராஜின் டோக்கன்

கிளாரன்ஸ் பழைய ரிஜிஸ்டரைத் திறக்குமுன் ஷேவிங் பிரஷ்ஷால் அட்டையைத் துடைப்பார். அப்படியே வாசலைப் பார்த்து ஒரு குரல்: "பேனா கீனா இருந்தா வெளிய டேபிள்ல வெச்சிட்டு வாங்க!" கோரமண்டல் அரசு நூலகத்துக்குக் கலெக்டரே வந்தாலும் இதே சட்டம்தான்; பழைய தாளில் மை பட்டால் அழியாதே. நூலகர் கிளாரன்ஸின் காதில் செருகியிருப்பதும் பென்சில்தான்.

நூலகர் வேலை போதாதென்று, ஊர்த் தங்கச் சுரங்கத்தின் பழைய பதிவேடுகளைப் புத்தகமாகப் பதிப்பிக்கும் பொறுப்பும் அவர் தலையில். மூலத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவிடமாட்டார். யாராவது திருத்தம் சொன்னால், "அடிக்குறிப்புல போட்டுடலாம். ஆதாரம் எதுனா கீதா?" என்பார்.

பேப்பர் படிக்க வருகிறவர்களுக்கென்று ஒரு கதை வைத்திருந்தார். "எங்க தாத்தா செத்து ரெண்டு வருசம் கழிச்சுதாங்க எங்கப்பா பொறந்தாரு!"

கேட்டவர் முழிப்பார். பிறகு விளக்கம் வரும். தாத்தா இன்பராஜ் ஒருநாள் ஷிஃப்ட்டுக்கு மட்டம் போட்டுவிட்டு ஃபுட்பால் பார்க்கப் போய்விட்டார். அவருடைய எண் பொறித்த டோக்கனோடு, அவருக்குப் பதிலாக வேறொருவர் சுரங்கத்தில் இறங்கினார். அன்றைக்குப் பார்த்துப் பாறை சரிந்தது. முகம் தெரியாத பிணத்துக்கு டோக்கனை வைத்துத்தானே பெயர்? ரிஜிஸ்டரில் இன்பராஜ் செத்துவிட்டார். பயந்துபோன தாத்தா பக்கத்து மைன்ஸில் வேறு பெயரில் சேர்ந்து, எழுபத்தெட்டு வயதுவரை ஜம்மென்று இருந்தார். கிளாரன்ஸ் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

போன வாரமும் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் முதன்முதலாகப் பேப்பர் படிக்க வந்திருந்த ஜெயம்மா மூலை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும்.

"இன்னா சார், அப்ப செத்தது யாரு?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"எங்கப்பன் கன்னியப்பன் பாற சரிஞ்ச அன்னிக்கு ஷிஃப்ட்டுக்குப் போனவருதான், திரும்பி வர்ல. ஓடிப்பூட்டான்னு மைன்ஸ் லைன் வீடுங்க பூரா பேசிச்சி. எங்கம்மா சாகுறவரிக்கும் வாசலப் பாத்துக்கினே இருந்திச்சி."

கிளாரன்ஸின் முகம் சுண்டிப்போயிற்று. கன்னியப்பன். தாத்தா சாகும்போது சொன்ன பெயர் அதுதான். சொன்னால் சிரிப்புக் குறையும் என்று, அதை விட்டுவிட்டே கதை சொல்லிப் பழகியிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "தாத்தா சொன்ன பேரும் அதாம்மா. புத்தகத்துல எழுதிடறேன்" என்றார்.

"அத எழுதினா ஒங்க தாத்தா பேருதான கெடும்?" ஜெயம்மாவே கேட்டார்.

"ஒக்காருங்கம்மா."

மேசையிலிருந்து, மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய புரூஃபை எடுத்தார். இறந்தவர் பட்டியலில் இன்பராஜ் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அடியில் பென்சிலால் எழுதினார்: "இவர் இறக்கவில்லை. இவருடைய டோக்கனோடு இறங்கி இறந்தவர் கன்னியப்பன். ஆதாரம்: இன்பராஜின் பேரன்."

ஒருமுறை வாசித்துப் பார்த்தார். ரப்பரால் அழித்தார். ஜெயம்மா எழுந்து நின்றுவிட்டார்.

கிளாரன்ஸ் வாசல் டேபிளுக்குப் போய், யாருடையதோ ஒரு பேனாவை எடுத்து வந்து, அதே வரிகளை மறுபடி எழுதினார்.