ஒரே கார், இரண்டு விளம்பரம்

பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் வீடுகளுக்குப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் பயிற்சி அக்கா. ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஒன்பது பஸ். தோளில் ரப்பர் பட்டைகளும் மணல்பைகளும் அடைத்த ஒரு மூட்டை. மற்றவர்கள் முட்டியைப் பார்த்தே தன் முட்டி தேய்ந்துபோக, நாற்பத்தாறாவது வயதில் பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்தார்.

மூன்று மாதம் போனில் கார்களைப் பார்த்ததில் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். எல்லாமே சிங்கிள் ஓனர், எல்லாமே புத்தம்புதுசு போல. தம்பியைக் கேட்டுப் பயனில்லை. அவன் சரியான ஆமாம்சாமி. எதைக் காட்டினாலும் நல்லாத்தான் இருக்கு என்பான்.

கடைசியில் சாம்பல் நிறச் சின்ன கார் ஒன்று மனதுக்குப் பிடித்தது. பிரேக் புதிது, ஒரு குறையும் இல்லை என்று ஓர் ஆள் போட்டிருந்தார். மறுநாள் அதே கார் வேறொரு விளம்பரத்தில் வந்தது. அதே நம்பர், பின்விளக்கில் அதே கீறல். போட்டிருந்தவர் ஒரு பெண். விலை குறைவு, பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கும் என்றும் எழுதியிருந்தார். ஏதோ மோசடி என்று நினைத்த அக்கா இருவருக்கும் போன் செய்தார். இருவருமே வண்டி என்னுடையதுதான் என்றார்கள். இருவரும் சொன்ன முகவரி ஒன்றே.

தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே கார் நின்றது. அந்த ஆள் படியில் இறங்கி வந்தார், அந்தப் பெண் லிஃப்டில் வந்தார். புருஷன் பெண்டாட்டி. பிரியப் போகிறார்கள், வண்டி இருவர் பேரிலும் இருக்கிறது என்ற விஷயம் மெல்ல வெளியே வந்தது.

"அவர் பேச்ச நம்பாதீங்க. வண்டி இழுக்கும்," என்றார் மனைவி.

"எட்டு வருஷமா ஓட்டுறேன், இழுத்ததே இல்ல. இவங்க ஓட்டினா மட்டும் இழுக்கும்," என்றார் கணவர்.

தம்பி இருவருக்கும் தலையாட்டினான்.

அக்கா ஓட்டிப் பார்த்தார். கணவனும் மனைவியும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம். முதல்முறை பிரேக் பிடித்தபோது வண்டி நேராக நின்றது. அடுத்தமுறை லேசாக இடப்பக்கம் ஒதுங்கியது. வண்டி இழுத்ததா, ரோடுதான் சரிவா என்று புரியவில்லை. "பாத்தீங்களா?" என்று பின்னாலிருந்து இருவருமே சொன்னார்கள்.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, பிரேக்கில் கோளாறு எதுவும் தெரியவில்லை, இழுத்தாலும் இழுக்கலாம், தைரியமாக வாங்கலாம் என்றார். எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு அக்கா வாங்கிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கணவர் போன் செய்து, வண்டி இழுக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. அன்று சாயங்காலமே மனைவியும் கேட்டார். அவரிடம் லேசாக இழுக்கிறது என்றார் அக்கா. இரண்டுமே பொய்யில்லை, சில நாள் இழுத்தது, சில நாள் இழுக்கவில்லை. அதன்பிறகு வாரம் தவறாமல் இருவரும் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவர் உங்களுக்கு போன் பண்ணாராக்கா?"

"இல்லையேம்மா."

மறுநாள் கணவரும் அதையே கேட்டார். அவருக்கும் இல்லை என்றே சொன்னார். எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு நல்லதா கெட்டதா என்பதும் தெரியவில்லை. அடுத்த வீட்டில் நோயாளி காத்திருந்தார். வண்டியைப் பூட்டிவிட்டு மூட்டையோடு படியேறினார்.